பெரிய துவக்குக்கு சைலன்சர் போட்டால் சத்தம் எங்கே போகிறது?

பசறைப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "படங்களில் பெரிய போல்ட் அக்‌ஷன் ரைஃபிளின் நுனியில் ஒரு குழாயை முறுக்கிவிட்டுச் சுட்டால் 'பிஸ்க்' என்றுதான் கேட்கிறது. நிஜத்திலும் அப்படியா? அதனால் குறி கெடுமா, துவக்கு கெடுமா? எங்கள் மலையில் பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. அப்படி ஒன்று இருந்தால் லயத்துப் பிள்ளைகளை எழுப்பாமல் காரியத்தை முடிக்கலாமே?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. பிள்ளைகள் எழும்பத்தான் செய்வார்கள். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவன். பிறகு நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போய், மலைகளில் பெருகிவிட்ட மான்களையும் தார் ஆடுகளையும் சுட்டுக் குறைக்கும் குழு ஒன்றில் துவக்குகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தேன். தார் என்பது இமயமலை ஆடு, நீலகிரி வரையாட்டின் சொந்தக்காரன். 1904இல் அங்கே கொண்டுபோய் விட்டார்கள், இன்று தீராத தலைவலி. அந்த ஊரில் வேட்டைக்காரன் கையில் சப்ரசர் (நாம் சைலன்சர் என்பதன் இன்னொரு பெயர்) இல்லாத ரைஃபிளைக் காண்பதுதான் அபூர்வம். 2019இல் கிரைஸ்ட்சேர்ச் படுகொலைக்குப் பிறகு தானாக அடுத்த ரவையை ஏற்றும் துவக்குகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்துவிட்டார்கள். அதனால் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிள்தான் அங்கே ராஜா. பெரும்பாலும் அவற்றோடுதான் என் வேலை கழிந்தது.

துவக்குச் சத்தம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு சத்தம். இதைப் பிரித்துப் பார்க்காதவரை சைலன்சரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதல் சத்தம் குழல்வாயில் பிறக்கிறது. சன்னம், அதாவது ரவையில் இருந்து பறந்து போகும் குண்டு, குழலை விட்டு வெளியேறும் அந்த நொடியில் அதன் பின்னால் பல நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் எரிவாயு நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சன்னம் என்ற மூடி கழன்றதும் அது மொத்தமாக வெளியே பாய்கிறது. குலுக்கிய சோடாப் போத்தலின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன நடக்கும்? அதே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால்? உள்ளே இருக்கும் வாயு அதேதான், வெளியே வரும் விதம்தான் வேறு. சப்ரசர் செய்வது அந்த மெதுவான திருகல். நடுவில் துளை உள்ள தடுப்புத் தட்டுகள் வரிசையாக இருக்கும். சன்னம் துளை வழியே நேராகப் போய்விடும், வாயுவோ அறை அறையாகச் சிக்கிச் சுழன்று, விரிந்து, சூட்டைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு இளைத்து வெளியே வரும்.

மோட்டார் சைக்கிள் சைலன்சரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது தற்செயல் அல்ல. துவக்குக்கான சைலன்சருக்கு 1909இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மெக்சிம், பிறகு அதே எண்ணத்தை இயந்திரப் புகைக்குழாய்களுக்கும் கொண்டுபோனார். அவருடைய அப்பா ஹிராம் மெக்சிம்தான் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். வாழ்நாள் முழுக்கத் துவக்கு வெடித்துக் காது மந்தமாகிப்போன மனிதர் அவர். அப்பன் செவிடானான், மகன் சைலன்சர் செய்தான் என்று வேலைத்தளத்தில் வேடிக்கையாகச் சொல்வோம்.

இரண்டாவது சத்தம் சன்னத்துடையது. அது குழல்வாயில் இல்லை, போகிற வழியெல்லாம் பிறந்துகொண்டே போகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். நுவரெலியாக் குளிரில் இன்னும் இரண்டு மூன்று மீற்றர் குறைவு. அது உயரத்தால் அல்ல, குளிரால். .308 ரவையின் சன்னம் (இந்த எண் ஏறத்தாழ சன்னத்தின் விட்டம், அங்குலத்தில்; கலிபர் என்பது இதுதான்) சுமார் 800 மீற்றர் வேகத்தில் கிளம்புகிறது, .338 லபுவா மெக்னம் சுமார் 900. ஒலியை முந்திப் போகும் எதுவும் காற்றைக் கிழித்து அதிர்ச்சி அலை ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். சாட்டையைச் சொடுக்கினால் நுனி 'பட்' என்று வெடிக்கிறதே, அதே சங்கதி. இந்தச் சத்தத்தை எந்தச் சப்ரசரும் தொட முடியாது. குழாயை விட்டு வெளியேறிய பிறகு நடப்பதற்குக் குழாய் எப்படிப் பொறுப்பாகும்?

முந்நூறு மீற்றருக்கு அப்பால் இலக்குப் பக்கத்துப் பள்ளத்தில் பத்திரமாக உட்கார்ந்து கேட்டால் இரண்டும் தனித்தனியாக விளங்கும். முதலில் 'டக்' என்று தலைக்கு மேல் ஒரு கீறல். ஏறத்தாழ அரை நொடி கழித்துத் தூரத்தில் 'டும்'. சன்னம் அந்தத் தூரத்தை அரை நொடிக்குள் கடந்துவிடும், குழல்வாய்ச் சத்தத்துக்கோ முக்கால் நொடிக்கு மேல் வேண்டும். சப்ரசர் போட்டுச் சுட்டால் 'டும்' அமுங்கிப்போகும், 'டக்' அப்படியே இருக்கும்.

இதில் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு சிறப்புச் சங்கடம் உண்டு. நான் பிறந்தது பண்டாரவளைப் பக்கம். தியத்தலாவையில் இராணுவப் பயிற்சிச் சூடு நடக்கும் நாட்களில் எங்கள் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஏனென்றால் வெடி எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று யாருக்கும் பிடிபடாது. ஒரு சரிவில் பட்டு எதிர்ச் சரிவுக்குப் போய், அங்கிருந்து பாறையில் மோதித் திரும்பி வரும். சன்னத்தின் 'டக்'கும் அப்படித்தான். வெட்டவெளிச் சமவெளியில் சப்ரசர் போட்டுச் சுட்டால் சுட்டவனின் பின்னால் நிற்பவனுக்கு அந்த 'டக்' பெரிதாகக் கேட்காது, அலை முன்னோக்கிப் போய்விடும். பள்ளத்தாக்கிலோ ஒவ்வொரு சரிவும் சவுக்குத் தோப்பும் அதைத் திருப்பி அனுப்பும். தென்தீவுப் பள்ளத்தாக்குகளில் நான் கண்டதும் இதுதான்: சுட்ட இடம் மானுக்குத் தெரியாது, ஆனால் சுட்டது தெரியும். சில நேரம் சத்தம் எதிர்ச் சரிவில் இருந்து வருவதாக எண்ணி நம்மை நோக்கியே ஓடிவரும்.

(தியத்தலாவை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை (அங்கே குடியேறிய டச்சு வழி விவசாயிகளை) 1900இல் கொண்டுவந்து அடைத்தது அங்கேதான், சுமார் ஐயாயிரம் பேர். நெடுந்தூரத்தில் இருந்து மௌசர் போல்ட் அக்‌ஷன் ரைஃபிளால் பிரித்தானியப் படையைத் திணறடித்தவர்கள். இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பாதிக்கு மேல் அந்த மௌசரின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.)

"சன்னத்தை ஒலியைவிட மெதுவாக ஓட்டினால் என்ன?" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓட்டலாம். படத்தில் கேட்கும் 'பிஸ்க்'குக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 11 கிராம் சன்னம் 800 மீற்றர் வேகத்தில் சுமந்து போவது 3,500 ஜூல். 13 கிராம் சன்னத்தை 310 மீற்றரில் அனுப்பினால் 625 ஜூல்தான், ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. நூறு மீற்றரைத் தாண்டினால் கல்லெறிந்தது போல் வளைந்து விழும். பெரிய கலிபர் ரைஃபிளை வாங்கி மெதுவான ரவையைப் போடுவது, லொறி வாங்கி அதைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. காட்டுப்பன்றியை அந்தச் சக்தியில் சுட்டால் அது விழாது. காயத்தோடு புதர்ப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும், மறுநாள் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பொம்பளைதான் அதன் முகத்தில் முழிக்க வேண்டும்.

அப்படியானால் எதற்காக இதைப் போடுகிறார்கள்? காதுக்காகவும் தோளுக்காகவும். பெரிய கலிபருக்கு இந்த இரண்டும்தான் உண்மையான காரணம், ஒளிந்து சுடுவது அல்ல.

காதை எடுத்துக்கொள்வோம். வெடிச் சத்தம் போன்ற திடீர் ஒலிக்கு 140 டெசிபல் என்பதை ஆபத்தின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். நம் தோட்டங்களில் பயிர்க்காவலுக்கு வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (12 bore) துவக்கே 150க்கு மேல் போகும். .308 ரைஃபிள் 165ஐத் தொடும், .338 போன்றவை 170 பக்கம். நல்ல சப்ரசர் ஒன்று இதில் 25 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியலாம், ஆனால் டெசிபல் வட்டிக்கு வட்டி போல் ஏறும் அளவு. 30 குறைந்தால் காதைத் தாக்கும் அழுத்தம் முப்பதில் ஒரு பங்காகிவிடும். ஆனாலும் 170இல் 30 போனால் மீதி 140. அதாவது பெரிய கலிபரில் சப்ரசர் போட்ட பிறகும் எல்லைக் கோட்டின் மேல்தான் நிற்கிறீர்கள். காதுக்கவசத்தைக் கழற்ற இது அனுமதிச் சீட்டு அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் அளவில் இருக்கும். செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். எங்கள் தோட்டத்தில் பன்றிக் காவலுக்கு நாற்பது வருடம் துவக்குத் தூக்கிய ஒரு பெரியவர் இருந்தார். காதில் பஞ்சு கூட வைக்கமாட்டார். "இப்பல்லாம் சில்வண்டு கத்துறதே இல்ல, மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க" என்று ஒருநாள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அந்த நேரம் எங்களைச் சுற்றிச் சில்வண்டு காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இனித் தோள். துவக்கின் உதை சன்னத்தால் மட்டும் வருவதில்லை. அதன் பின்னால் பாயும் வாயுவுக்கும் எடை உண்டு, வேகமோ சன்னத்தைவிட அதிகம். .338இல் மருந்து கிட்டத்தட்ட 6 கிராம், சன்னம் 16 கிராம். வாயுவின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உதையில் மூன்றில் ஒரு பங்கு வாயுவின் கைங்கரியம். அதைக் குழாய்க்குள் பிடித்து வேகத்தைக் குறைத்தால் உதை கால்வாசி அளவு குறையும். அரைக் கிலோ குழாய் நுனியில் தொங்குவதால் துவக்கு மேலே துள்ளுவதும் குறையும். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிற பழக்கம் பெரிய ரைஃபிள்காரர்களுக்குப் பொதுவான நோய். சப்ரசர் போட்டதும் குறி நேரானது என்று பலர் சொல்வதற்குக் காரணம் குழாயின் மந்திரம் அல்ல, கண் திறந்திருப்பதுதான்.

உதையைக் குறைக்க மசில் பிரேக் என்று இன்னொன்று உண்டு. குழல்வாயில் பக்கவாட்டுத் துளைகள் வைத்து வாயுவை இருபுறமும் பின்னோக்கியும் திருப்பிவிடுவது. உதையைச் சப்ரசரைவிட நன்றாகவே குறைக்கும், ஆனால் சத்தம் முழுவதும் சுடுபவன் முகத்துக்கும் பக்கத்தில் நிற்பவன் காதுக்கும் வந்து சேரும். சுடுதளத்தில் பக்கத்து மேசைக்காரன் பெரிய கலிபரில் பிரேக் போட்டிருந்தால் நான் என் சாமான்களைச் சுருட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

துவக்கு என்றால் மலைநாட்டில் கதைக்குப் பஞ்சமில்லை. நுவரெலியாவில் 1840களின் கடைசியில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் ஒன்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக்குழல் ரைஃபிள் ஒன்றைச் சுமந்து திரிந்தவர். பதுளையில் இருந்த மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அந்தக் காலத்தில் உதையைத் தாங்க ஒரே வழி, துவக்கை இன்னும் கனமாகச் செய்வது. அப்போது மலையில் இருந்த யானை இப்போது இல்லை.

போல்ட் அக்‌ஷனுக்கு ஏன் சப்ரசர் அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு வருகிறேன். தானியங்கி ரைஃபிளில் வாயுவின் ஒரு பகுதிதான் அடுத்த ரவையை ஏற்றுகிறது. சப்ரசர் போட்டால் உள்ளே அழுத்தம் கூடி, இயந்திரம் வேகமாக ஓடிப் புகையும் கரியும் சுடுபவன் கண்ணுக்கு வரும். இயந்திரம் அடித்துக்கொள்ளும் சத்தமும் சேர்ந்துகொள்ளும். போல்ட் அக்‌ஷனில் நீங்கள் கையால் திறக்கும்வரை பின்பக்கம் பூட்டியே இருக்கும். அதற்குள் வாயு முழுக்க முன்பக்கமாக வடிந்துவிடும், அது நொடியின் சிறு துளியில் முடிகிற வேலை. எனவே துவக்கு கெடுமா என்ற கேள்விக்குப் பதில்: வெடிப்பால் கெடாது. கெடுவது வேறு இரண்டு வழியில்.

ஒன்று, கோணல். குழலின் அச்சும் குழாயின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் நீண்ட குழாயின் மறுமுனையில் அந்த விலகல் பெருகி, சன்னம் தடுப்புத் தட்டில் உரசும். என் சொந்தத் தவறையே சொல்கிறேன். ஒரு மழைக்காலத்தில் காலையில் அவசரமாக முறுக்கிய குழாயை இடையில் நான் சரிபார்க்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அது மெல்ல மெல்லக் கழன்றிருக்கிறது. ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்த சன்னங்கள் திடீரென்று உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் ஒன்று பார்ப்போம்" என்று சுட்டேன். முன்மூடி பிய்ந்து பறந்தது. யார் மேலும் படவில்லை, அது என் கெட்டித்தனம் அல்ல. அதற்குப் பிறகு சில வெடிகளுக்கு ஒருமுறை கையால் தொட்டு இறுக்கம் பார்க்காமல் நான் யாருக்கும் துவக்கைக் கொடுத்ததில்லை.

இரண்டாவது, ஈரம். இது நமக்குப் புரியும் சங்கதி. வெடி முடிந்த குழாய்க்குள் கரியும் நீராவியும் நிற்கும். பனிமூட்டத்துக் குளிரில் அது தண்ணீராகி, குழாய் மாட்டியபடியே துவக்கைச் சாத்தி வைத்தால் குழல்வாய்க்கு வடியும். குழாய் டைட்டேனியமாக இருந்தால் துருப்பிடிக்காது, ஆனால் அதை முறுக்கும் உங்கள் குழலின் புரி (திருகு மரை) துருப்பிடிக்கும். இரண்டு கிழமையில் செந்நிறப் பொடி தட்டலாம். சுட்டு முடிந்ததும் கழற்றி, திறந்த இடத்தில் காயவைக்க வேண்டும். பூட்டிய பெட்டிக்குள் போட்டால் கதை முடிந்தது.

குறியைப் பொறுத்தவரை, குழாயை மாட்டியதும் சன்னம் விழும் இடம் மாறும், ஏனென்றால் எடை தொங்கும் குழல் வேறு விதமாக அதிர்கிறது. மாறினாலும் ஒழுங்காக மாறும், மாட்டிய நிலையிலேயே குறியைச் சரிசெய்துகொண்டால் போதும். மாட்டியும் கழற்றியும் மாறி மாறிச் சுடுபவன்தான் அல்லல்படுவான். பெரிய கலிபரில் ஐந்தாறு வெடியை அடுத்தடுத்து விட்டால் குழாய் கை வைக்க முடியாதபடி சூடேறிவிடும். அதில் இருந்து எழும் சூடு தொலைநோக்கிக்கு முன்னால் கானல் போல் ஆடி, இலக்கை நீச்சலடிக்க வைக்கும். துணியுறை போட்டால் அது கொஞ்சம் அடங்கும், ஆனால் குழாய் ஆறவும் நேரம் எடுக்கும். இன்னொரு சின்ன வினோதம்: முதல் வெடி மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாக இருக்கும். குழாய்க்குள் இருந்த காற்றின் ஒட்சிசனில் மிச்ச மருந்து எரிவதால் வருவது.

கலிபர் கூடக்கூடக் குழாயும் பெருக்க வேண்டும். .308க்கு 3 கிராம் மருந்து, .50 பிரவுனிங்குக்கு 15 கிராம். ஐந்து மடங்கு வாயுவை அதே டப்பாவில் அடைக்க முடியுமா? .50க்கான குழாய்கள் இரண்டு கிலோ வரை போகும். நீளத்தைச் சமாளிக்க, பின்னோக்கி வந்து குழலின் மேலேயே அமரும் வகையை நியூசிலாந்திலும் பின்லாந்திலும் விரும்புகிறார்கள். புதருக்குள் தூக்கிக்கொண்டு நடப்பவனுக்கு அதன் அருமை தெரியும்.

சட்டத்தைப் பற்றி நாலு வரி. நியூசிலாந்தில் துவக்கு உரிமம் உள்ளவர் கடையில் வாங்கலாம். பிரித்தானியாவில் ரைஃபிள் சப்ரசரையும் சான்றிதழில் ஏற்ற வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அமெரிக்காவில் 1934 முதல் பதிவும் 200 டொலர் வரியும் இருந்தது. 2026 தொடக்கத்தில் வரி பூச்சியமாகியது, பதிவு அப்படியே நிற்கிறது. நமக்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். பயிர்க்காவலுக்குக் கிடைப்பது வழக்கமாகப் பன்னிரண்டு போர் துவக்குத்தான், பெரிய கலிபர் ரைஃபிளும் அதற்கான சைலன்சரும் தோட்டத்துக்காரன் கனவில் மட்டும். டவுனில் யாராவது லேத் பட்டறைக்காரன் குழாய் கடைந்து தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கோணல் குழாய் முகத்தில் வெடிப்பது ஒரு பக்கம், பொலிஸ் வாசலில் நிற்பது இன்னொரு பக்கம். கட்டுத்துவக்கு (கம்பியில் கால் தட்டினால் தானாக வெடிப்பது) கட்டுவதும் கம்பித் தடம் வைப்பதும் சத்தமில்லாத வழிதானே என்று சிலர் நினைப்பதுண்டு. அதில் பன்றிக்குப் பதில் மனிதனும் சிறுத்தையும் விழுவதை நாம் எத்தனை முறை பார்த்தாயிற்று.

உங்கள் பன்றிக்கு வருகிறேன் தம்பி. தோட்டத்தில் உரிமம் உள்ள துவக்கு இருந்தால் அதை வைத்திருப்பவருக்கு நல்ல காதுக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், உள்ளே நுரைப் பஞ்சடைப்பும் சேர்த்து. இரண்டும் சேர்ந்தால் சப்ரசர் குறைக்கும் அளவுக்குச் சத்தம் காதில் குறையும், உரிமமும் வேண்டாம், புரியும் வேண்டாம், துருவும் பிடிக்காது. லயத்துப் பிள்ளைகள் எழும்பினால் எழும்பட்டும். காவல்காரர் சுட்டார் என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அந்த நேரம் அந்தப் பள்ளத்துப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.